நான் ஜெயித்த பட்டிமன்றம்

எனக்கு வாய் அதிகம். என் மனைவி சொல்வார், சக ஆசிரியர்கள் சொல்வார்கள். மாணவர்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள், விடைத்தாள் திருத்துவது நான் என்பதால். உத்தமபாளையத்தில் வரலாற்று ஆசிரியர் வேலை. விடுமுறை நாட்களில் பட்டிமன்றப் பேச்சாளர். கூடலூரிலிருந்து தேனி வரை எந்த ஊரில் திருவிழா என்றாலும் மேடையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. வீட்டின் நிம்மதி மாமியார் கையிலா மருமகள் கையிலா என்ற தலைப்பில் இரண்டு பக்கமும் பலமுறை பேசியிருக்கிறேன். எந்தப் பக்கம் உட்காரவைத்தார்களோ அன்றைக்கு அதுதான் உண்மை என்று மனதார நம்பியும் இருக்கிறேன்.

அப்படி இருக்கையில்தான் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றின் மாதா கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. அந்த வருடக் கமிட்டியில் படித்த இளவட்டங்கள் புகுந்துவிட்டார்கள். மாமியார் மருமகள் எல்லாம் வேண்டாம், கனமாக ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அவர்களே தலைப்பும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: 'தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்தும் இயக்கங்களை இயக்குவது மதமா, அரசியலா?'

நடுவர், சின்னமனூர்க்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எனக்கு போன் போட்டார்.

"பாய், ஒங்கள எந்தப் பக்கம் போடுறதுன்னு ரெண்டு நாளா ரோசிக்கிறேன். மதம்னு பேசுனீகன்னா, பாயே ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுவாக. அரசியல்னு பேசுனீகன்னா, பாய் வக்காலத்து வாங்குறாருன்னு சொல்லுவாக."

"அப்ப நான் வீட்லயே இருந்துக்கிறேன் சார்."

"அதெப்படி? நீங்க இல்லாட்டி கூட்டம் சிரிக்காதுல்ல?"

கடைசியில் என்னை அரசியல் அணியில் போட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். காரணம் இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் மறுநாள் காலை எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு மௌனம் இருக்கும். யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். வழக்கத்தைவிட அன்பாக டீயை என் பக்கம் நகர்த்துவார்கள். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அந்த டீயைத்தான் என்னால் தாங்க முடியாது. நான் கம்பம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கோ எவனோ செய்ததற்கு நான் ஏன் முகத்தைத் திருத்தமாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்? இந்தப் பட்டிமன்றத்தில் அந்த டீக்கெல்லாம் சேர்த்துப் பதில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. பெயிண்டர் பக்கத்து அகதிகள் முகாமில் இருப்பவர். இலங்கையிலிருந்து பத்தொன்பது வயதில் தாயோடு படகில் வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, தலை நரைத்தவர். (எந்த முகாம் என்று சொல்லப்போவதில்லை. அவர் பெயிண்டரும் அல்ல. தொழில், ஊர், பிள்ளைகள் விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்காவது எனக்கு இப்போது புத்தி வந்திருக்கிறது.) அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பட்டி பார்த்த சுவரை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பார், பிறகுதான் ரோலரை எடுப்பார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது இது மூன்றாவது தடவை. வேறு ஆளை என் மனைவி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் கொல்லைப்புறத்து முருங்கை நிழலில் உட்காருவோம். அவர் பேச்சில் பாதி தேனி, பாதி மன்னார். கோபமோ துக்கமோ வந்தால் முழுக்க மன்னாருக்குப் போய்விடுவார். அன்றைக்கு என் மடியில் பட்டிமன்றக் குறிப்பு நோட்டு இருந்தது. நான் சும்மா இருக்கமாட்டேனே.

"ஏண்ணே, நீங்க நேர்ல பாத்தவுக. சொல்லுங்க, அந்த இயக்கம் மதமா, அரசியலா?"

சிரித்தார். "என்ன சார், சோறு திங்கேக்க கேக்குற கேள்வியா இது?"

ஆனால் கைகழுவிவிட்டு வந்து சொன்னார். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தான். மாதா படம் பதித்த சின்னப் பதக்கம் ஒன்றைச் சிறுவயதிலிருந்தே கழுத்தில் போட்டிருப்பான். ஒருநாள் விடிகாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு இயக்கத்துக்குப் போனான். சில மாதம் கழித்து ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தது, கயிற்றில் விஷக்குப்பி. அதற்குப் பிறகு வரவில்லை. தாயும் தம்பியும் படகேறி இங்கே வந்து இறங்கினார்கள். பதிவு செய்யும் மேசையில் எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். இயக்கத்தில் ஒரு மகன் என்று சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அந்தத் தாய், எனக்கு ஒரே மகன்தான் என்று சொல்லிவிட்டார். அது அப்படியே எல்லாக் காகிதத்திலும் ஏறிவிட்டது.

"இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது சார். பிள்ளைகளுக்கே தெரியாது. உங்களோட வச்சுக்கொள்ளுங்கோ."

சரி என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் ஆட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பட்டிமன்றம் மாலை ஐந்து மணிக்கு. ஏழு மணிக்குத் தேர்ப்பவனி என்பதால் ஆளுக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் மணி அடிக்கப்படும். மலையிலிருந்து சாரல் காற்று வந்து மேடையின் பின்திரையை உப்பச் செய்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். திராட்சைத் தோட்டத்து வேலை முடித்து வந்த பெண்கள் முன்வரிசையில். பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் ஆட்களும் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். மாதா திருவிழாவுக்கு வருவதும் தேர் பார்ப்பதும் எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

மதம் என்ற அணியின் தலைவி அல்லிநகரத்தில் இருந்து வந்த கல்லூரிப் பேராசிரியை. கெட்டிக்காரர். எழுந்தவுடன் என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நடுவர் அவர்களே! நம் கண்ணுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு போராட்டம் நடந்தது. மொழிக்காக என்றார்கள். சரி. அதே தமிழைப் பேசிய முஸ்லிம்களை வடக்கிலிருந்து கட்டிய துணியோடு வெளியேற்றினார்களே, அவர்கள் பேசியது என்ன மொழி? எதிரணியில் இருக்கும் எங்கள் அன்பு பாய் அவர்களே, உங்கள் மக்கள்தானே அவர்கள்? நீங்களே சொல்லுங்கள், அது அரசியலா?"

கூட்டம் ஓ என்று கத்தியது. எனக்குச் சுர்ரென்றது. ஆசிரியர் அறையின் டீ இங்கேயும் வந்துவிட்டது. மைக் செட் வைத்து வந்துவிட்டது. அவர் சொன்னது பொய் இல்லை. அந்தக் கண்ணீரை எடுத்து என்னை அடிக்கப் பயன்படுத்தியதுதான் பொறுக்கவில்லை. நான் எழுந்தபோது கையில் குறிப்பு நோட்டு இருந்தது. அதில் நாடாளுமன்றம், மொழிச் சட்டம், நிலம், வேலைவாய்ப்பு என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். அதில் ஆறு நிமிடம் பேசினேன். ஒரு கை தட்டவில்லை. முன்வரிசை அக்கா ஒருவர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். நோட்டை மூடினேன்.

"என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வரும் முகாம் நண்பர் ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன்," என்றேன்.

நான்கு நிமிடம். பதக்கத்தைக் கழற்றினேன், கறுப்புக் கயிற்றைக் கட்டினேன், தாயைப் படகேற்றினேன், பதிவு மேசை முன் நிறுத்தினேன். "மாதாவைக் கழற்றி வைத்துவிட்டு மரணத்தை மாட்டிக்கொண்டு போனானே, அவனை இயக்கியது மதமா?" என்று முடித்தபோது கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேராசிரியையே கை தட்டினார். தீர்ப்பு எங்களுக்கு. பொன்னாடை, தேங்காய்ப் பழத் தட்டு, என்னோடு நின்று போட்டோ எடுக்க ஒரு வரிசை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் திரும்ப நடித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பெயிண்டர் அண்ணன் சொல்லச் சொன்னாகளா?" என்று மட்டும் கேட்டார்.

"பேரு சொல்லல புள்ள."

"நம்ம வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முகாம்ல இருந்து எத்தன பேரு வாராக?"

அந்தக் கணக்கு எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தோற்கக்கூடாது என்று வந்துவிட்டால் பட்டிமன்றக்காரனுக்குப் பிற புத்தி எதுவும் வேலை செய்யாது.

மறுநாள் காலை பெயிண்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கடைசிச் சுவர் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தடவிப் பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். திருவிழாக் கமிட்டி நேரலையில் போட்ட வீடியோவை முகாமில் காலையிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. நான் வாசலில் நின்றேன். அப்போதுதான் பேசினார்.

"சார், மகளுக்கு வெளிநாட்டில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. பயணக் காகிதத்துக்கு எழுதிப்போட்டு இப்ப விசாரணை நடக்குது. குடும்ப விவரத்தில ஒரு பொய் இருக்கு எண்டு தெரிஞ்சா அந்த ஃபைல் மூடிப்போயிரும். அஞ்சு வருஷமாப் படிச்ச பிள்ளை."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படி ஆனது அன்றைக்கு ஒரு தடவைதான்.

"இன்னொண்டு. அவன் பதக்கத்தைக் கழட்டினது நீங்க சொன்ன மாதிரி இல்லை. நான் முழிச்சுட்டேன். போகாத எண்டு அழுதேன். என்னை அழாம இருக்கச் சொல்லித்தான் கழட்டி என் கையில தந்தான். நான் அதைச் சொல்லேக்க நீங்க குனிஞ்சு நோட்டில எழுதிக்கொண்டிருந்தீங்க சார்."

"அண்ணே..."

"அவன் ஏன் போனான் எண்டு எனக்குத் தெரியாது. முதல் நாள் சோதனைச் சாவடியில அவன்ட சைக்கிளைப் பறிச்சு, சனத்துக்கு முன்னால கன்னத்தில அறைஞ்சாங்கள். அதுவா? அதுக்கு முந்தின கிழமை கோயில் முகட்டில ஷெல் விழுந்துச்சு. அதுவா? அவன் நினைச்சிருந்த பெட்டைக்கு வேற இடத்தில பேசி முடிச்சாங்கள். அதுவா? முப்பது வருஷமா யோசிக்கிறன். நீங்க மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டீங்க."

பிரஷ்ஷைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. கமிட்டித் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வீடியோக்காரரைக் கேட்கச் சொன்னார். வீடியோக்காரர் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்து, மேலே பார், கீழே பார் என்று படுத்திக்கொண்டிருந்தவரை இழுத்துவந்து மண்டபப் படிக்கட்டில் உட்காரவைத்தேன்.

"அந்த நாலு நிமிசத்த வெட்டிருங்க தம்பி."

"சார், அந்த நாலு நிமிசத்துக்குத்தேன் சனம் பாக்குது! மத்ததெல்லாம் யாரு பாத்தா?"

கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் பந்தியில் எனக்கும் இலை போட்டுவிட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமலேயே சாப்பிட்டுவிட்டு, முழு வீடியோவையும் நீக்கவைத்துத்தான் கிளம்பினேன். ஆனால் அந்த நான்கு நிமிடம் அதற்குள் தனியாகக் கிளம்பி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் மச்சினன் அதை எனக்கே அனுப்பி, கீழே கைதட்டும் பொம்மை மூன்று போட்டிருந்தான்.

பத்து நாள் கழித்து அந்தப் பயணக் காகித விசாரணைக்கு அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நல்ல மனிதர். தலைமையாசிரியர் அறையைத் தவிர்த்து, மைதானத்தில் வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனார். செல்போனில் அந்த வீடியோவை ஓடவிட்டார். வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அந்த ஆளின் கை வீச்சும் குரல் நடுக்கமும் எனக்கு அருவருப்பாக இருந்தன.

"நல்லாப் பேசுறீங்க சார். இதுல சொல்ற ஆளு யாரு? உங்க வீட்டுல வேலை செஞ்சவரா?"

"இல்ல சார். அது கதை."

"கதைன்னா?"

"நானாக் கட்டுனது. கைதட்டு விழலன்னா நாங்க இப்பிடி எதையாச்சும் அடிச்சு விடுறதுதான். பட்டிமன்றத்துல சொந்தக்காரன், நண்பன்னு சொல்றதெல்லாம் பாதிக்கு மேல புளுகு சார். எங்க நடுவரக் கேட்டுப் பாருங்க."

அவர் செல்போனைப் பையில் போட்டார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி உரையில் நான் குறிப்பிட்ட அண்ணன் என்பவர் எனது கற்பனையே. அப்படி ஒரு நபர் இல்லை.' கீழே கையெழுத்து, பதவி, தேதி.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. பாய் புளுகி ஜெயித்தார் என்று எங்கள் வட்டாரம் முழுக்கப் பேச்சு. நடுவர் போன் போட்டு, "அழுக வச்சுட்டீகளே பாய், அது பொய்யா?" என்று வருத்தப்பட்டார். ஆமாம் சார் என்றேன். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவிக்கு அதில் ஏக சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்க ஆள் கிடைத்துவிட்டது. ஆசிரியர் அறையிலும் ஒரு மாற்றம்: இப்போதெல்லாம் எங்கே எது நடந்தாலும் யாரும் டீயை நகர்த்துவதில்லை. புளுகனிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போலும். அந்த வகையில் எனக்கு விடுதலைதான்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பெயிண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மிக்சர், ஜிலேபிப் பொட்டலம். மகளுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. முந்தின நாள்தான் மதுரைக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். என் மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டார். நானும் கொஞ்சம். அதன் பிறகுதான் அவர் முருங்கை மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"விசாரணைக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க சார்?"

மனப்பாடமாகச் சொன்னேன். நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்ததை மறைக்கவில்லை.

"மேசையில அம்மா ஒருக்காச் சொன்னா, அவன் இல்லை எண்டு. நான் கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னன். இப்ப நீங்களும் எழுதிக் குடுத்துட்டீங்க. நீங்க செய்ததுதான் சரி. பிள்ளை போயிட்டா. ஆனா அம்மாவும் செத்துப்போன பிறகு, அவனைத் தெரிஞ்சவங்கள் எண்டு இந்தப் பூமியில இனி நீங்களும் நானும்தான் சார்."

மன்னிப்புக் கேட்டேன்.

"அவன்ட பேர் என்ன எண்டு நீங்க கேக்கவே இல்லையே?" என்றார்.

கேட்கவில்லை. நான்கு நிமிடம் ஊரையே அழவைத்தேன், பிறகு அவன் இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. இப்போது கேட்டேன். அவர் சொன்னார். எழுத வேண்டாம், ஒருக்கா வாயால சொல்லுங்கோ என்றார்.

சொன்னேன். மைக் இல்லாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.